டீசல் காரில் ஃபில்டர் விளக்கு எரிகிறதா? ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஏன் விடக் கூடாது?

அதிகாலையில் சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய கார். வழியில் ஒரு பங்க்கில் டேங்க் நிரப்பியாகிவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் மீட்டர் போர்டில் புதிதாக ஒரு மஞ்சள் விளக்கு. வடிகட்டி மாதிரி ஒரு படம், அதற்கு அடியில் நீர்த்துளிகள். ஆனால் வண்டி வழக்கம்போலத்தான் ஓடுகிறது. பிக்கப் குறையவில்லை, சத்தம் இல்லை, புகையும் இல்லை. “வண்டி நல்லாத்தானே ஓடுது? மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தோன்றும்.

மதுரைக்கு இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கிறது. அந்த 300 கிலோமீட்டர்தான் பிரச்சினையே.

சிவப்பு விளக்கு என்றால் உடனே நிறுத்த வேண்டும், மஞ்சள் என்றால் சாவகாசமாகப் பார்க்கலாம் என்பது ஓட்டுநர்களிடையே பரவலாக இருக்கும் ஒரு கணக்கு. பல விளக்குகளுக்கு அது சரிதான். டீசல் ஃபில்டர் விளக்குக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கும் சரி, பழைய டீசல் காரைக் கடன் போட்டு வாங்கிய குடும்பத்துக்கும் சரி, சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பெரிய செலவாக மாறுவது இந்த இடத்தில்தான்.

விளக்கு என்ன சொல்கிறது?

டீசல் டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ஃபில்டருக்கு இரண்டு வேலைகள். தூசி, துரு போன்ற துகள்களைப் பிடிப்பது ஒன்று. டீசலோடு வரும் தண்ணீரைப் பிரிப்பது இன்னொன்று.

தண்ணீரைப் பிரிப்பதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம்தான். இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்காது என்பதால், தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஃபில்டருக்குள் இருக்கும் தாளில் டீசல் எளிதாகப் புகுந்துபோகும், நீர்த்துளிகள் தடுக்கப்படும். தடுக்கப்பட்ட சின்னச் சின்னத் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிய சொட்டுகளாகி, ஃபில்டரின் அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதியில் தேங்கும்.

அந்தக் கிண்ணத்தில்தான் சென்சார் இருக்கிறது. டீசலில் மின்சாரம் கிட்டத்தட்ட பாயவே பாயாது. தண்ணீரில் பாயும். சென்சாரின் இரண்டு முனைகளையும் தொடும் அளவுக்குத் தண்ணீர் ஏறியதும் மின்சுற்று முழுமை அடைகிறது. மீட்டர் போர்டில் விளக்கு எரிகிறது.

அதாவது, விளக்கு எரிந்தால் ஃபில்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ‘என்னால் பிடித்துவைக்க முடிந்த தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கிறது, காலி செய்யுங்கள்’ என்பதுதான் அது சொல்லும் சேதி. பெரும்பாலான கார்களில் அந்தக் கிண்ணம் ஒரு டீ கிளாஸ் அளவுதான் இருக்கும். அது நிரம்பிய பிறகு வரும் தண்ணீருக்குப் போக ஒரே ஒரு வழிதான் உண்டு. இன்ஜின் பக்கம்.

கொஞ்சம் தண்ணீர்தானே, என்ன ஆகிவிடும்?

பழைய அம்பாசடர் டீசல், டாடா சுமோ காலத்து வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் இன்றைய கார்களைவிட மிகக் குறைவு. கொஞ்சம் தண்ணீர் போனால் இன்ஜின் இருமும், மிஸ்ஸிங் அடிக்கும், நிற்கும். ஓட்டுநரே இறங்கி ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, கை பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பிப் போவார்.

இன்றைய டீசல் கார்கள் அப்படி இல்லை. சிஆர்டிஐ, டிடிஐஎஸ், டி4டி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான்: காமன் ரெயில். இதில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. கார் டயரில் நாம் பிடிக்கும் காற்றின் அழுத்தம் 2.2 பார் அளவுதான். ஏறத்தாழ 900 மடங்கு அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அழுத்தத்தைத் தாங்க, பம்பிலும் இன்ஜெக்டரிலும் உள்ள பாகங்கள் ஒன்றோடு ஒன்று உரசும் அளவுக்கு நெருக்கமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு நுணுக்கம் என்று புரியும்.

இவ்வளவு நெருக்கமாக ஓடும் பாகங்களுக்கு ஆயில் யார் போடுவது? தனியாக யாரும் போடுவதில்லை. டீசலேதான் அங்கே மசகு எண்ணெய். டீசல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் மூன்று விதமாகச் சேதம் நடக்கிறது.

முதலாவது, வழவழப்பு போய் உலோகம் உலோகத்தோடு உரசும். பம்ப் தேய்ந்து, அதிலிருந்து வரும் இரும்புப் பொடி இன்ஜெக்டர் வரை போய் அதையும் கெடுக்கும். இரண்டாவது, துரு. வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகும் உள்ளே தங்கிய தண்ணீர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மூன்றாவது, இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் கடும் வெப்பத்தில் தண்ணீர் சட்டென ஆவியாகி விரியும். அந்த வேகத்தில் நுனியே சேதமடையலாம்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். தண்ணீரை வடிப்பது சில நூறு ரூபாய் வேலை. ஃபில்டரையே மாற்றினாலும் மாடலைப் பொறுத்து சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். பம்பும் நான்கு இன்ஜெக்டர்களும் போய்விட்டால் பல மாடல்களில் பில் லட்ச ரூபாயை எட்டிவிடும். இந்த இரண்டு பில்களுக்கும் நடுவில் இருப்பது, அந்த விளக்கைப் பார்த்த பிறகு ஓட்டிய தூரம்தான்.

டீசலுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது?

சுத்தமான டீசலிலும் மிகச் சிறிய அளவில் ஈரம் உண்டு. பிஎஸ் 6 டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்கலாம் என்பது தர விதி. 45 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் சுமார் 37 கிலோ டீசல். அந்தக் கணக்கில் அதிகபட்சம் 7.5 மில்லி, அதாவது ஒன்றரை டீஸ்பூன் தண்ணீர். தரமான டீசல் ஒரு முறை போட்டதால் மட்டும் கிண்ணம் நிறைந்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. விளக்கு எரிந்தால், பல மாதங்களாகச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லது வேறு எங்கிருந்தோ தண்ணீர் வந்திருக்க வேண்டும்.

மெதுவாகச் சேர்வதற்கு முக்கியக் காரணம் காலி டேங்க். டேங்க்கில் டீசல் குறைவாக இருந்தால் மீதி இடம் முழுக்கக் காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்தக் காற்றில் இருக்கும் ஈரம், டேங்க்கின் சுவரில் வேர்த்து டீசலில் இறங்கும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றுக்கு இது இன்னும் அதிகம். ‘ஊருக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற வண்டி’ என்று வாரக்கணக்கில் கால் டேங்க்கோடு நிற்கும் கார்கள் இதில் மாட்டுகின்றன.

திடீரென வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சேமிப்பு இடம். பங்க்கில் டீசல் இருப்பது நிலத்தடித் தொட்டியில். மழைக்காலத்தில் அந்தத் தொட்டியின் மூடி வழியாகவோ குழாய் இணைப்பு வழியாகவோ தண்ணீர் இறங்க வாய்ப்பு உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழை என்று சாலையே முங்கும் நாட்கள் தமிழகத்துக்குப் புதிதல்ல. தண்ணீர் தேங்கிய பகுதியில் மழை விட்ட கையோடு டீசல் போடும்போது கூடுதல் கவனம் தேவை. கேனில் வாங்கி வீட்டிலோ தோட்டத்திலோ வைத்திருந்து ஊற்றும் டீசல், சரியாக மூடாத டேங்க் மூடி, வெள்ளத்தில் நின்ற கார் ஆகியவையும் காரணம் ஆகலாம்.

தண்ணீர் தங்கினால் இன்னொரு தொல்லையும் வரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்தக் கோட்டில் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் வளரும். அவை டீசலையே உணவாக்கிக்கொள்பவை. டேங்க்கின் அடியில் கருப்பாக, கொழகொழவென்று படியும் கசடு ஃபில்டரில் வந்து அடைக்கும். தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாராகும் பயோடீசல், சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கக்கூடியது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதை 2018-ம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்காக வைத்திருக்கிறது. எனவே ஃபில்டரைக் கவனிக்கும் பழக்கம் இனிமேல் கூடுதலாகவே தேவைப்படும்.

எந்த விளக்கு இது? குழப்பம் வேண்டாம்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்தால் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணையும். அது அந்த விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று கார் தானே பார்த்துக்கொள்ளும் சோதனை. பயப்பட வேண்டாம். அணையாமல் நின்றாலோ ஓடும்போது எரிந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

சுருள் ஸ்பிரிங் மாதிரி இருப்பது க்ளோ பிளக் விளக்கு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கானது. இன்ஜின் வடிவில் இருப்பது செக் இன்ஜின் விளக்கு. பெட்டிக்குள் புள்ளிகள் இருப்பது போன்ற படம் புகை வடிகட்டியான டிபிஎஃப் தொடர்பானது. வடிகட்டி, அதோடு நீர்த்துளி என்று இருந்தால் அதுதான் நாம் பேசும் விளக்கு. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சில மாடல்களில் சிவப்பாகவும் இருக்கலாம். புதிய கார்களில் திரையிலேயே எழுத்தில் வருவதும் உண்டு. சில கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் எச்சரிக்கை வரும். அப்போது மேடு ஏறும்போது வண்டி இழுக்காது, ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும்.

எரிந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

நடுரோட்டில் பதறி பிரேக் போட வேண்டாம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: சமீபத்தில் டீசல் போட்டீர்களா?

போட்ட சில கிலோமீட்டரிலேயே விளக்கு எரிந்து, வண்டியும் ஜெர்க் அடித்தாலோ மிஸ்ஸிங் ஆனாலோ, டேங்க்குக்குள் நிறையத் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் தண்ணீரை நாமே இன்ஜெக்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். டோ செய்து கொண்டுபோய் டேங்க்கை முழுதாகக் காலி செய்து, ஃபில்டரை மாற்றுவதுதான் வழி.

டீசல் போட்டு நாட்களாகி, வண்டியும் சீராக ஓடிக்கொண்டிருந்தால் தேங்கிய தண்ணீரை வடித்தால் போதும். சர்வீஸ் சென்டரின் சாலையோர உதவி எண்ணை அழைக்கலாம் அல்லது அருகில் இருக்கும் டீசல் மெக்கானிக்கை வரவழைக்கலாம். பல கார்களில் ஓட்டுநரே செய்யக்கூடிய வேலைதான் இது. கார் வாங்கும்போது கொடுத்த கையேட்டில் அதற்கான படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையேட்டில் இல்லை என்றால் தொடாமல் இருப்பதே நல்லது.

தண்ணீரை வடிப்பது எப்படி?

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஃபில்டர் பல கார்களில் பானெட்டுக்குள் இருக்கும். சிலவற்றில் காருக்கு அடியில் இருக்கும்.

ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகுக்குக் கீழே, உள்ளே இருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வையுங்கள். திருகைச் சில சுற்று தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டாம். ஒழுகவில்லை என்றால், கை பம்ப் உள்ள கார்களில் அதை மெதுவாக அழுத்தினால் வரும். முதலில் தண்ணீரும் கசடும் இறங்கும். பாட்டிலில் அவை அடியில் தங்கி, டீசல் மேலே நிற்பது கண்ணுக்கே தெரியும். சுத்தமான டீசல் மட்டும் வரத் தொடங்கியதும் திருகை மூடிவிடுங்கள்.

அடுத்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். கை பம்ப் இருந்தால் அது இறுகும் வரை அழுத்த வேண்டும். இல்லாத கார்களில் சாவியை சில முறை ‘ஆன்’ செய்து சில நொடிகள் காத்திருந்தால் டேங்க்கில் இருக்கும் மின்சார பம்ப் அந்த வேலையைப் பார்க்கும். ஸ்டார்ட் செய்து, ஒழுகல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சிந்திய டீசலைத் துணியால் துடைத்துவிடுங்கள். வடித்ததைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய முறையைக் காமன் ரெயில் வண்டியில் முயலக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும். ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

வடித்த பிறகும் எரிந்தால்?

ஓரிரு நாளில் மறுபடி எரிந்தால் டேங்க்கின் அடியிலேயே தண்ணீர் இருக்கிறது. டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். வடித்தும் அணையவே இல்லை என்றால் சென்சாரோ அதன் ஒயரோ பழுதாகியிருக்கலாம். ‘சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு எரியாது’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அணைவது விளக்கு மட்டும்தான், உள்ளே தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

டேங்க்கில் ஊற்றினால் தண்ணீரை ‘கரைத்துவிடும்’ என்று விற்கப்படும் திரவங்களிலும் கவனம் தேவை. தண்ணீரை டீசலோடு பால்போலக் கலக்கவைக்கும் வகை என்றால், அந்தத் தண்ணீர் ஃபில்டரில் பிரியாமல், சென்சாரிலும் படாமல் நேராக இன்ஜெக்டருக்குப் போய்விடும்.

பங்க்கில் என்ன கேட்கலாம்?

டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அது கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. தொட்டியின் அடியில் தனியாகத் தேங்கிய தண்ணீரை அது காட்டிக்கொடுக்காது. அதற்கு வேறு முறை: அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்குவார்கள். தண்ணீர் பட்டால் பசையின் நிறம் மாறும். மழை நாட்களில் “தண்ணி செக் பண்ணிட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டு டீசல் போடுவதில் தவறில்லை.

போட்ட டீசலில்தான் தண்ணீர் என்று சந்தேகம் வந்தால், பில், ஓடோமீட்டரின் படம், பாட்டிலில் பிடித்த மாதிரி, மெக்கானிக் எழுதித் தரும் ஜாப் கார்டு ஆகிய நான்கையும் பத்திரப்படுத்துங்கள். பங்க்கின் புகார் புத்தகத்தில் எழுதி, அங்கே ஒட்டியிருக்கும் எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண்ணுக்கும் தெரிவியுங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பில் இல்லாமல் இவை எதுவும் எளிதில் நிற்காது. டீசல் போட்டதும் பில் வாங்கும் பழக்கம் அதற்காகத்தான்.

வராமல் பார்த்துக்கொள்ள...

டேங்க்கை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருங்கள். நாள்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். டேங்க்கர் லாரி பங்க்கில் டீசல் இறக்கிக்கொண்டிருந்தால், தொட்டியின் அடியில் கிடப்பது கலங்கியிருக்கும் என்பதால் அப்போது போடுவதைத் தவிர்க்கலாம். ஃபில்டர் மாற்ற வேண்டிய தூரம் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் போட்டிருக்கும் கணக்குப்படி மாற்றுங்கள். புது ஃபில்டரில் பழைய சென்சாரை மெக்கானிக் திரும்பப் பொருத்தி, ஒயரை மாட்டிவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஓட்டிப் பார்க்கும் முன் சாவியை ‘ஆன்’ செய்து மீட்டர் போர்டைப் பாருங்கள். சோதனையில் எரிய வேண்டிய ஃபில்டர் விளக்கு எரியவே இல்லை என்றால், அந்த மாடலில் அந்த விளக்கு உண்டா என்று கையேட்டில் பாருங்கள். உண்டு என்றால், அது ஏன் எரியவில்லை என்று விற்பவரிடம் கேட்ட பிறகு விலை பேசலாம்.

விக்கிரவாண்டியில் நிறுத்தி, ஒரு மெக்கானிக்கை வரவழைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் கிளம்பினால் மதுரைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகப் போவீர்கள். நிறுத்தாமல் போனால் ஒருவேளை நேரத்துக்கே போய்ச் சேரலாம். ஆனால் அடுத்த நாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.